ஒன்பது வரை

வாடகைக்கு எடுத்த ஜாக்கெட்டின் உள்பையில்
யாரோ மறந்துபோன பேருந்துச் சீட்டு,
உறை பிரிக்காத ஓர் இருமல் மிட்டாய்.
"வைத்துக்கொள், மேலே உதவும்" என்றாள் எர்மெலிந்தா.
அவளுக்கு இந்த வாரத்தில் இது மூன்றாவது ஏற்றம்.
எங்களுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி ஏழாவது மாதம்.

மக்காச்சோளக் கொல்லை முடிந்தது,
பாசி தொங்கும் ஈரக் காடு முடிந்தது,
பைன் மரங்களும் முடிந்த இடத்தில்
கரிச்சல்லி தொடங்கியது.
இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கும்.
மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குப் போட்டான் ரூவென்:
"அப்படியானால் இரண்டு மலை ஏறுகிறோம்,
காசு ஒன்றுக்குத்தான் கொடுத்திருக்கிறோம்."
இட்சியார் சிரிக்கவில்லை.
அவளுடைய இடது முழங்கால்
ஓஹாகாவிலிருந்தே எங்கள் கூட்டத்தில் ஐந்தாவது ஆள்.
ஆறாவது, அடிவாரத்தில் தானாக வந்து சேர்ந்த நாய்.

எதிரே நிற்கும் மலைக்குப் பெயர் தீ.
அதற்கும் அப்பால் நிற்பதற்குப் பெயர் தண்ணீர்.
"உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?" மிலேனா கேட்டாள்.
எர்மெலிந்தா சொன்னாள். சொல் தொண்டைக்குள் சொடுக்கியது.
"அதற்கும் தீ என்றுதான் அர்த்தம்.
அதைப் பார்த்துவிட்டு வேறென்ன பெயர் வைப்பது?"

இரவு.
நூடுல்ஸில் சாம்பல், இமையில் சாம்பல்,
பல் இடுக்கில் நறநறக்கும் மலை.
வெளிச்சம் முதலில் வந்தது:
சிவந்த கற்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல்
சரிவில் உருண்டு இறங்கின.
ஒன்று, இரண்டு என்று எண்ணினோம்.
ஒன்பதில் சத்தம் வந்து விலா எலும்பைத் தட்டியது.
கூடாரங்களிலிருந்து கைதட்டல், விசில்.
எர்மெலிந்தா அடுப்பைவிட்டு நிமிரவில்லை.
"அந்தப் பக்கம், கீழே, ஒரு ஊர் இருந்தது" என்றாள்.
கைதட்டல் எங்கள் கூடாரத்தில் மட்டும் நின்றது.

அடுத்த வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில்
மிலேனா சொன்னாள்:
"மே மாதம் நான் வீட்டுக்குப் போகிறேன்."
ஏழு, எட்டு, ஒன்பது.
"இது பெரியது!" என்றான் ரூவென்.
இட்சியார் முழங்கால் பட்டையை இறுக்கினாள்.
நான் மிட்டாயைக் கல்லில் வைத்து உடைத்தேன்.
நான்கு துண்டு வரவில்லை. மூன்றும் கொஞ்சம் பொடியும்.
பொடியை நாய் எடுத்துக்கொண்டது.

பிறகு கடல்.
மோன்தெர்ரிக்கோவில் மணல் கறுப்பு.
மதியத்தில் செருப்பில்லாமல் நடந்தால்
வாணலியில் கடுகு நாம்தான்.
ஞாயிற்றுக்கிழமை தலைநகரத்துக் குடும்பங்கள்
உடுத்த உடுப்போடு அலைக்குள் உட்கார்ந்திருந்தன,
இடுப்பளவு தண்ணீரில் ஒருவர்
தொப்பியும் கழற்றாமல் போனில் வியாபாரம் பேசினார்.
எல்மெர் மாங்காய் விற்றான்.
எலுமிச்சை, உப்பு, பூசணி விதைப் பொடி.
மூன்றாம் நாளிலிருந்து அவன் எங்களிடம் விலை சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
வலை ஊஞ்சலில் முதுகெல்லாம் சதுரம் சதுரமாகப் பதியும்வரை
ஒன்றுமே செய்யாமல் கிடந்தோம்.

மிலேனா மட்டும் ஏதோ செய்துகொண்டே இருந்தாள்.
தலை விளக்கை எல்மெருக்குக் கொடுத்தாள்.
பாதிச் சோப்பைக் குளியலறையில் விட்டாள்.
செலவு நோட்டைக் கேட்டு வாங்கி
யார் யாருக்கு எவ்வளவு என்று கூட்டினாள்,
தன் பெயருக்குக் கீழே கோடு போட்டாள்.
நேராகப் போட்ட கோடு.

ஐந்தாம் நாள் வறுத்த மீன் வந்தது.
ரூவென் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.
எழுந்தான். நாற்காலி மணலில் மல்லாந்து விழுந்தது.
அலை கணுக்காலில் ஏறும் இடத்தில்
எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.
மீன் ஆறிக்கொண்டிருந்தது.
அவனைப் பார்த்தபடியே இட்சியார் கேட்டாள்:
"மேயில் எந்தத் தேதி?"

"பன்னிரண்டு."

எல்மெர் வந்து நாற்காலியைத் தூக்கி வைத்தான்.
நான்கு மாங்காய் வெட்டினான்.
எனக்குக் காதுக்குள் இன்னும் கொஞ்சம் சாம்பல் இருந்தது,
அல்லது இந்த மணல்.
இரண்டையும் விரலில் வைத்துப் பார்த்தால்
ஒரே மாதிரிதான் இருக்கிறது.